புதைந்த கோடுகள்

சுதர்சினி தடுமாறுவதை உமாசுதன் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம் பிள்ளை, போன வருசம்தான் வேலைக்கு வந்தவள். போர்டில் கேபிளைப் பூட்டக்கூட அவளால் முடியவில்லை.

“விடும் தங்கச்சி, நான் பூட்டுறன்,” என்று வாங்கிக்கொண்டான்.

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக, மூன்றாம் மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கொம்பனி. உயர் அதிர்வெண் ரிலேக்களுக்கு சர்க்கிட் போர்ட் வரைந்து கொடுப்பதுதான் அங்கே வேலை. சிக்னல் ஓடும் கோட்டின் அகலம் மயிரிழை பிசகினாலும் போதும், அது ரிலேக்குப் போய்ச் சேராமல் முட்டித் திரும்பி வந்துவிடும்.

இந்தமுறை இருவரும் ஆளுக்கொரு டிசைன் வரைந்திருந்தார்கள். நல்லதை வரைந்தவருக்கு வேலை நிரந்தரம், மற்றவர் இந்த மாதத்தோடு வீட்டுக்கு. உமாசுதனின் மனைவி கௌரிக்கு இது ஏழாம் மாதம். வேலை இல்லாமல் அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

கோடுகள் எல்லாம் போர்டின் நடு அடுக்கில் புதைந்து கிடந்தன. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான், வரைந்தவர்களுக்கே வித்தியாசம் தெரியாது. பெயர் அச்சடிக்கவும் விட்டுப்போயிருந்தது. அதனால் நேற்று, போர்டுகள் செய்து வந்த பார்சலைப் பிரித்த முதலாளி ஸஹாப்தீன், உறையில் இருந்த பெயரைப் பார்த்து ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்தார்.

அங்கேதான் உமாசுதனுக்குப் புத்தி கெட்டது. இன்று காலையில் எல்லாருக்கும் முதல் வந்து, களவாக இரண்டையும் சோதிக்கிற மெசினில் கொழுவிப் பார்த்தான். தன் பெயர் போட்ட போர்டில் சிக்னல் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அவள் பெயர் போட்டதோ குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது.

கடவுளே என்று ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டிவிட்டான். நகத்தால் சுரண்டக்கூடத் தேவைப்படவில்லை, தொட்டவுடன் கழன்று வந்தன.

“சரி, போடுங்க பாப்பம்,” என்றார் ஸஹாப்தீன்.

முதலில் சுதர்சினியின் போர்ட். திரையில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது.

“என்ன பிள்ள இது? பாதிக்கு மேல திரும்பி வருதே?”

“இல்லை சேர்... அப்பிடி வர ஏலாது,” என்றாள்.

அடுத்தது உமாசுதனுடையது. திரையைப் பார்த்த ஸஹாப்தீன் அவனுடைய தோளில் தட்டினார்.

“இதத்தான் அனுப்புறோம். பிள்ள, நீங்க வேற இடம் பாக்க வேண்டி வரும்.”

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைத்திருந்தால் அவனும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே, அதுதான் அவனைப் போட்டுப் பிழிந்தது. கௌரியை நினைத்தான், பிறக்கப்போகும் பிள்ளையை நினைத்தான். மனம் கேட்டால்தானே.

“சேர், அது இவவின்ர போர்ட். காலமை நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினனான்.”

ஸஹாப்தீனின் முகம் கறுத்தது.

“அப்ப, வேலை இந்தப் பிள்ளைக்குத்தான். நீங்க போகலாம்,” என்றார்.

உமாசுதன் பையை எடுத்துத் தோளில் போட்டான். வெட்கத்தில் அவளை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

“மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி.”

சுதர்சினி பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப, நேற்று நான் மாத்தி ஒட்டினதையோ அண்ணா நீங்கள் திருப்பி மாத்தினனீங்கள்?”