தெற்குக் கேட்

“தோராம்மா முன்னாடி அந்தக் கேட் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்றாள் ஆர்டித்.

மெர்ல் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. “பண்றதையும் பண்ணிட்டு மானம் ஒண்ணுதான் குறைச்சல். பயப்படாதே. என் பெண்டாட்டி கேட்டைச் சாத்தினதாலதான் மாடும் கன்னுமா அறுபத்திமூணு செத்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. பனிப்புயல்னுதான் சொல்லியிருக்கேன்.”

மூன்று வாரத்தில் அவன் அவளிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான்.

மொன்டானாவின் இந்தக் கிழக்குக் கோடியில் ஏப்ரல் மாதத்தை யாரும் நம்புவதில்லை. புயலடித்த அன்று காலை சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்ளும்படியான வெயில். மெர்ல் தீவனம் வாங்க டவுனுக்குப் போனான். மாலை நான்கு மணிக்கு வடக்கிலிருந்து பனிப்புயல் இறங்கியது.

புயலில் மாடு ஓரிடத்தில் நிற்காது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே நடந்துகொண்டே இருக்கும். அதற்காகவே அவன் வசந்தம் முழுக்கத் தெற்குக் கேட்டை அகலத் திறந்து கட்டி வைத்திருப்பான். அதைத் தாண்டிவிட்டால் ஓடைப் பள்ளமும் மரங்களும் உண்டு, பிழைத்துக்கொள்ளும்.

ரோடு திறந்து அவன் வந்து சேர இரண்டு நாளாயிற்று. கேட் சாத்தியிருந்தது. அதை முட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக, மந்தையே விறைத்துக் கிடந்தது.

“யார் சாத்தினது?” என்று வாசலிலிருந்தே கத்தினான்.

கழுவிய நீலப் பாத்திரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த ஆர்டித், துடைத்த இடத்தையே கொஞ்ச நேரம் திரும்பத் திரும்பத் துடைத்தாள். “நான்தான். ஞாபகமில்லாம சாத்திட்டேன்,” என்றாள்.

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போவது இங்கே நடை பழகும்போதே பழகுகிற விஷயம். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவள் மறந்துவிட்டேன் என்றால் எவனுக்குத்தான் மனசு ஆறும்? மிஞ்சிய சில மாடுகளும் விலைக்குப் போய்விட்டன, நிலமும் கை மாறுகிறது. திங்கட்கிழமை அவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்புகிறான், அவள் அக்கா வீட்டுக்கு. கூட வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

தோராவின் கார் சேற்றில் ஆடி ஆடி வந்து நின்றது. வயது எழுபத்தெட்டு. தெற்கே பதினோரு மைலில் இருந்த ஒரே பக்கத்து வீடு அவளுடையது. புயலுக்குப் பிறகு ரோடு சேறாகிக் கிடந்து, இன்றைக்குத்தான் அவளால் வர முடிந்தது. போன இலையுதிர்காலத்தில் புருஷன் போன பிறகு, அடுத்த வீட்டுக்குச் சாப்பாடு சுமப்பது ஒன்றுதான் அவளை நடமாட வைத்திருந்தது.

“வர்ற வழியில வெயில், மழை, ஆலங்கட்டி மூணும் ஆச்சு. மிச்சத்தைத் திரும்பிப் போகும்போது வெச்சிருக்கு போல,” என்று சிரித்தபடி ஆவி பறக்கும் மாட்டிறைச்சிக் குழம்பை மேசையில் வைத்தாள்.

மூவரும் உட்கார்ந்தார்கள். தோரா ஒருத்திதான் பேசினாள்.

“மாடு போனா போகட்டும் தம்பி. உனக்கு அவ இருக்கா, அவளுக்கு நீ இருக்கே. என்னைப் பாரு, ஒத்தைத் தட்டை வெச்சுக்கிட்டு சுவத்தைப் பார்த்துத் தின்னுக்கிட்டிருக்கேன்.”

மெர்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்தக் கன்னு போடற காலத்துல வீடே அமளிதான். ஒரு கேட் திறந்து கிடந்தாப் போதும், என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு.”

ஆர்டித்தின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. மெர்ல் பெண்டாட்டியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அதைவிட அவன் கை நீட்டி அடித்திருக்கலாம்.

“இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போட்டுக்குங்க, தோராம்மா,” என்றாள் ஆர்டித், தலை நிமிராமல்.

கிளம்பும்போது வானம் மறுபடி கறுத்திருந்தது. அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் இங்கே இல்லை. ஆர்டித் அந்த நீலப் பாத்திரத்தில் பன் நிரப்பி, துணி மூடிக் கொண்டுவந்தாள். தோரா அதைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஒட்டியிருந்த பட்டையில் அவள் பெயரே இருந்தது.

“அட, என் பாத்திரம்! தேடாத இடமில்லை. இதை எப்பக் குடுத்தேன்?”

“குளிர்காலத்துல,” என்றாள் ஆர்டித் அவசரமாக. “இருட்டறதுக்குள்ள கிளம்புங்க தோராம்மா, மழை வரப்போகுது.”

மெர்ல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கார்வரை நடந்தான். பெரியவளிடம் அவனுக்குக் கோபம் ஏதுமில்லை. இனிமேல் பார்க்கப்போவதுமில்லை. அவளை உட்காரவைத்து, பாத்திரத்தைப் பக்கத்து சீட்டில் வைக்கக் குனிந்தான். ஆர்டித் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“போயிட்டு வாங்க தோராம்மா, போயிட்டு வாங்க!”

தோரா கிளம்பவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தவள் முகம் மலர்ந்தாள்.

“குளிர்காலம் இல்லடி கண்ணு! புயலடிச்ச அன்னைக்கு மத்தியானம். நீ தொழுவத்துல கன்னோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தே, தொந்தரவு பண்ண வேணாம்னு வாசல்ல வெச்சுட்டுப் போனேன்.”

“தோராம்மா...” என்றாள் ஆர்டித்.

தோரா சாவியைத் திருப்பினாள்.

“தெற்குக் கேட் வேற ஆன்னு திறந்து கிடந்துச்சு. நல்லவேளை, நான் பார்த்துச் சாத்திட்டுப் போனேன்!”