கோடு கீறின செக்

"எந்த விசரி இதிலை கோடு கீறினது எண்டுதானே யோசிக்கிறாய்? என்ரை மனுசிதான் பிள்ளை, வேறை ஆர்!"

செல்வரட்ணம் கத்திய கத்தில், பின்னால் வரிசையில் நின்ற சனம் போனை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. கனடாவின் ஸ்காபரோவில் செக் மாற்றிக் காசு கொடுக்கும் கடை அது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் வேறு, கேட்கவும் வேண்டுமா!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நிரோஷினி செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒஷாவாவில் இழுத்து மூடிய பாக்டரி அவருக்குக் கொடுத்த கடைசிச் செக். எல்லாம் மெஷினில் அடித்த எழுத்து. மூலையில் மட்டும் அடிமட்டம் வைத்து நீலப் பேனையால் கீறிய இரண்டு கோடு. நடுவில், பெறுபவரின் கணக்கில் மட்டும் போடவும் என்று வடிவான ஆங்கில எழுத்து.

"இப்பிடி எழுதினதை நாங்கள் காசாக்கேலாது, அங்கிள். எங்கடை பாங்க் திருப்பி அனுப்பிப்போடும், நட்டம் எங்களுக்கு. உங்கடை எக்கவுண்டிலை போடுங்கோ."

"அது ரெண்டு பேருக்கும் பொதுவான எக்கவுண்ட். ஜெயமலரின்ரை சைன் இல்லாமல் ஒரு சதம் எடுக்கேலாது! திங்கட்கிழமை மகள் துவாரகாவின்ரை யூனிவேசிற்றிக் காசு கட்டவேணும். கட்டாட்டி அவளின்ரை படிப்பு அவ்வளவுதான். எனக்கு இப்ப காசாய் வேணும்!"

"யூனிவேசிற்றியிலை காசாய் வாங்க மாட்டினமே அங்கிள்? பாங்காலை கட்டுறதுதானே சுகம்."

"நீ எனக்குப் படிப்பிக்காதை! யாழ்ப்பாணத்திலை பாங்கிலை கஷியராய் இருந்தவன் நான். உந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தமெண்டு உன்னைவிட எனக்குத் தெரியும். இந்த நாட்டிலை ஆர் இதைக் கீறுறான், சொல்லு பாப்பம்?"

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. கூட்டாளி பஸ்ரியன்தான். "பொறடா, வாறன்!" என்று கதவுப் பக்கம் பார்த்து ஒரு கத்தல்.

நிரோஷினிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த எரிச்சல் மெல்ல மெல்ல இவரை விட்டுவிட்டு, முகம் தெரியாத அந்த ஜெயமலர் அன்ரியின் மேல் போய் நின்றது. மனிசன் குளிரிலும் பனியிலும் ஒஷாவா வரை போய் உழைத்த காசு. அதற்கே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாவே, இது என்ன அநியாயம்! பிள்ளையின் படிப்பைக்கூட யோசிக்கவில்லையா?

"நில்லுங்கோ அங்கிள்" என்று எழுந்து உள்ளே போனாள். மனேச்சர் முதலில் முடியவே முடியாது என்றார். இவள் விடவில்லை. பாக்டரியின் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அந்த இசை, இந்த இசை என்று காத்திருக்க வைத்து, ஒருவழியாக ஒருத்தி எடுத்து, செக் சரியானதுதான், நாங்கள் கோடு ஒன்றும் கீறவில்லை என்றாள். பிறகு மனேச்சரோடு இன்னொரு சண்டை.

அதற்குள் வரிசை கதவு வரை போய்விட்டது. "இண்டைக்கு முடியுமோ, முடியாதோ?" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். ஹோர்ன் திரும்பவும் அடித்தது.

நிரோஷினி வெற்றியோடு வந்து உட்கார்ந்தாள்.

"மனேச்சர் ஓம் எண்டிட்டார், அங்கிள்! கொம்பனி கீறேல்லை எண்டபடியால், கீறின ஆள் இஞ்சை வந்து, எங்களுக்கு முன்னாலை அதை வெட்டி ஒரு சைன் வைச்சால் போதுமாம். உடனை காசு தரலாம். அன்ரியைக் கூப்பிடுங்கோ."

கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் செக்கையும் பேனையையும் தள்ளிவிட்டாள்.

செல்வரட்ணம் பேனையை எடுத்தார். செக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பேனை முனை கோட்டுக்கு மேலேயே நின்றது.

"ஏன் அங்கிள், அன்ரி வரமாட்டாவோ? நான் வேணுமெண்டால் கதைக்கிறன். பிள்ளையின்ரை படிப்புக்கெண்டு சொன்னால் வராமல் விடுவாவோ?"

அவர் பேனையைத் திரும்பவும் உள்ளே தள்ளினார். செக்கை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்து, அதன்மேல் கையைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அவளுக்கு இந்தக் கோட்டைப் பற்றி ஒண்டுமே தெரியாது, பிள்ளை."

"அப்ப ஆர் அங்கிள் கீறினது?"

வெளியே பஸ்ரியன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"பின்னேரம் உவன் கசினோவுக்குக் கூப்பிட வருவான், நானும் போவன் எண்டு தெரிஞ்சு, காலமை நான்தான் கீறினனான்."