தென்னேரியின் நாலாவது கோல்

நாலுக்கு மூணு. இன்னும் இரண்டே நிமிஷம்.

ஏரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த தரையில் இருபத்திரண்டு பேர் கிளப்பிய புழுதி கரை வரைக்கும் எழும்பியது.

உத்திரமேரூர் கோலுக்குப் பின்னால், சவுக்குக் கம்பத்தையொட்டி, ஜெயம்மாள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து சொந்த ஊர் கோலுக்குப் பின்னால்தான் நிற்பாள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் அவளும் மாறுவாள். வேறு எங்கே நின்றாலும் ஊர் தோற்றுவிடும் என்பது அவள் கட்சி. புழுதிக்குப் பயந்து மற்றவர்கள் எல்லாரும் கரைமேல் இருந்தார்கள்.

இன்றைக்கு ஊர் தோற்கவே கூடாது. தோற்றால் நாளைக் காலையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே புருஷன் ஊரான தென்னேரிக்கு பஸ் ஏற வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்த வினை.

"உங்க ஊர்ல பந்தா ஆடறானுங்க? கோழி தொரத்தறானுங்க" என்றான் புருஷன் ஏசுதாஸ், சோற்றைப் பிசைந்துகொண்டே.

பேச்சு வளர்ந்து, குழம்பில் உப்பு வரைக்கும் போய், மாமியார் வரைக்கும் போய், சாயங்கால பஸ்ஸில் அவள் அம்மா வீட்டில் வந்து இறங்கினாள்.

நாலு மாதம். அவன் வரவில்லை. அவளும் போகவில்லை.

கடைசியில் அவள் தம்பி ஐசக்கிடம் சொல்லியனுப்பினான். ஈஸ்டர் கப்பில் உத்திரமேரூர் ஜெயித்தால் அவனே வாசலில் வந்து நின்று கூப்பிடுவான். தென்னேரி ஜெயித்தால் அவளாக வர வேண்டும்.

"சரின்னு சொல்லு" என்றாள் ஜெயம்மாள்.

விஷயம் இரண்டு ஊருக்கும் தெரிந்துபோனது. டிரா ஆனால் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முதல் பாதியிலேயே உத்திரமேரூர் மூன்று கோல் போட்டுவிட்டது. கரைமேல் இருந்தவர்கள் தென்னேரிக்கு ஆடிய ஏசுதாஸை விடவில்லை.

"மச்சான், பொட்டி தூக்க ஆளு வோணுமா?"

இடைவேளைக்குப் பிறகு அவன் வேறு ஆளாக இறங்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் அவனுடைய இடது காலில்.

ஜெயம்மாள் நகத்தைக் கடித்துத் துப்பினாள். உத்திரமேரூர் எப்படியோ முட்டி மோதி நாலாவதைப் போட்டபோது தனியாகவே குதித்தாள்.

குதித்து முடித்த பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். ரத்தம் புழுதியோடு சேர்ந்து சேறாக வழிந்தது. கரையில் "பொட்டி! பொட்டி!" என்று கை தட்டித் தாளம் போட்டார்கள். அவன் தலை நிமிரவில்லை.

அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. கத்துவதை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி நிமிஷம். பந்து ஏசுதாஸிடம்.

ஒருவனைத் தாண்டினான். இன்னொருவன் தானாக வழுக்கி விழுந்தான். கோல் கீப்பர் ஐசக் பாய்ந்தான். ஏமாந்து மண்ணைக் கவ்வினான். பத்தடி தூரம். எதிரே வெறும் கோல்.

அடித்தான்.

ஒரே புழுதி.

வலை கிடையாது. இரண்டு கம்பம், மேலே ஒரு கயிறு, அவ்வளவுதான். பந்து பின்னாலிருந்த முள்ளுச் செடியில் போய்ச் சிக்கியிருந்தது. எந்த வழியாகப் போனது?

"கோல்!" என்றது தென்னேரி. "வெளில!" என்றது உத்திரமேரூர். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ரெஃப்ரி வேதாசலம் வாத்தியார் நடுமைதானத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார். அவருக்கும் தெரியவில்லை. கிட்டே இருந்து பார்த்த ஆள் ஒருத்திதான். இந்த ஊர்ப் பெண். அந்த ஊர் மருமகள். அவள் சொல்லுக்கு இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன.

"நீ சொல்லும்மா. பந்து எங்க போச்சி?"

"வெளிலன்னு சொல்லுக்கா!" கண்ணில் விழுந்த மண்ணைக் கசக்கிக்கொண்டே ஐசக் கெஞ்சினான்.

 ஏசுதாஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோலு சார்" என்றாள் ஜெயம்மாள்.

விசில். நாலுக்கு நாலு. கப்பு ஊருக்கு ஆறு மாசம்.

"பொறந்த ஊர வித்துட்டியேமே!" என்று கரையிலிருந்து ஒரு குரல். "எங்க ஊட்டு மருமவ, பொய் பேச வராது" என்று தென்னேரிக்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஐசக் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே நடந்தான்.

கூட்டம் கலைந்த பிறகு ஏசுதாஸ் நொண்டிக்கொண்டு வந்து அவள் எதிரில் நின்றான். நாலு மாதத்தில் முதல் தடவை.



ஜெயம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சேலையை நாலு விரற்கடை தூக்கினாள். கம்பத்துக்கு வெளியே ஊன்றி நின்ற கால். கணுக்காலில் பந்து பட்ட இடம் கன்றிச் சிவந்து, அதன் தையல் கோடு அப்படியே பதிந்திருந்தது.

அவன் ஆச்சரியப்படவில்லை. அவனுக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்குத் தெரியாதா? மானத்துக்கு மூணு கோலு போட்டேன். உங்க ஊட்டு வாசலுக்கு வரலாம்னு நாலாவத வேணும்னே வெளில அட்ச்சா, நீ கோலுன்றியேமே!"