இறக்கம்

கணவாயின் கடைசி வளைவைத் திரும்பியதும் குதிரை டிரெய்லர் சாலையோரம் நிற்பது தெரிந்தது. ராய்ஸ் அப்போதுதான் மூச்சுவிட்டான்.

தன் பிக்கப்பை அதற்கு முன்னால் கொண்டுபோய்க் குறுக்காக நிறுத்தினான். அது பின் அச்சில் நான்கு டயர் கொண்ட கனமான டீசல் வண்டி. நின்ற பிறகும் உறுமிக்கொண்டிருந்தது.

ராய்ஸை விட்டு மார்லா போய்ச் சேர்ந்திருக்கும் டிரெவர், டிரெய்லரை இழுத்துவந்த வண்டியிலிருந்து இறங்கி வந்தான். கோபத்தைவிடச் சங்கடம்தான் அவன் முகத்தில் அதிகம்.

“வழி மறிக்க வந்தீங்களா, ராய்ஸ்? எல்லாம் பேசி முடிஞ்சாச்சு. கோர்ட்டே சொல்லியாச்சு.”

விவாகரத்துத் தீர்ப்பில் சொல்லியதுதான். நான்கு குதிரைகளும் டிரெய்லரும் மார்லாவுக்கு. பண்ணையும் இந்த வண்டியும் ராய்ஸுக்கு. இழுக்கிறதை ஒருவருக்கும் இழுபடுகிறதை இன்னொருவருக்கும் கொடுக்கிறோமே என்று அந்த நீதிபதிக்குத் தோன்றவில்லை. அவர் நகரத்துக்காரர்.

“மறிக்க வரல. வண்டியை மாத்திக்கலாம்னு வந்தேன்.”

“எதுக்கு? இது புது வண்டி. பதிமூணாயிரம் பவுண்டு இழுக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க.”

“இழுக்கும் தம்பி. யாரு இல்லேன்னா? இவ்வளவு தூரம் மேல ஏறி வந்திருக்கியே. நிறுத்துமான்னு கேட்டியா?”

டிரெவரின் பிக்கப் பின்பக்கம் அமுங்கி, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. டிரெய்லரின் பாரம் கொக்கியை அழுத்தியது போதாதென்று, வண்டியின் பின்தொட்டியில் சோபாவும் துணி துவைக்கும் இயந்திரமும் சேணங்களும் ஏறியிருந்தன. ராய்ஸ் வண்டியின் மூக்கை ஒரு கையால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். கரையில் கட்டிய படகு மாதிரி அது ஆடியது.

டிரெவர் அதைப் பார்த்தான்.

“முன் சக்கரம் தரையைச் சரியாப் பிடிக்கலேன்னா பிரேக்கும் இல்ல, ஸ்டீயரிங்கும் இல்ல. பின்னாடி நாலு குதிரை தள்ளும். முதல் வளைவுல அது உன் பேச்சைக் கேக்கும். ரெண்டாவது வளைவுல நீ அது பேச்சைக் கேக்கணும்.”

சாலை அங்கிருந்து கீழே விழுந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. டென் ஸ்லீப் ஊர் வரைக்கும் இப்படித்தான்.

டிரெவர் ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தான். சாவியை நீட்டினான். மோசமான ஆள் இல்லை. அதுதான் ராய்ஸுக்கு ஆரம்பத்திலிருந்தே தொல்லையாக இருந்தது.

இருவரும் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். கொக்கியைக் கழற்றி, டிரெவரின் வண்டியை முன்னால் நகர்த்தி, டீசல் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு, பிரேக் ஒயரைச் செருகினார்கள். டிரெவர் சொன்னதைச் செய்தான். கையை நசுக்கிக்கொண்டபோதும் சத்தம் போடவில்லை.

“சாமானெல்லாம் உன் வண்டியிலயே இருக்கட்டும். நான் ஓட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை என் வண்டியைக் கொண்டுவந்து விட்டுட்டு இதை எடுத்துக்கோ.”

“அந்த சோபா திரும்ப உங்க வீட்டுக்கே வருதே” என்றான் டிரெவர்.

“அதுல உக்காந்தா முதுகு வலிக்கும். பயப்படாத, தொட மாட்டேன்.”

டிரெவர் சிரிக்கலாமா என்று யோசித்து, பிறகு சிரித்தான். சட்டைமேல் போடுகிற கோட்டை எடுக்கத் தன் வண்டிக்குப் போனான்.

மார்லா முதலிலேயே வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். டிரெய்லரின் கம்பி இடைவெளியில் கையை விட்டு ஜின்ஜர் என்ற பெண் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். ராய்ஸ் தன் சாவியை அவளிடம் கொடுத்தான். இந்த வண்டியில் பாரம் கட்டி மலை இறங்கிப் பழகியவள் அவள்தான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை.

“காலைல முற்றத்துல டிரெவர் டிரெய்லரை மாட்டறப்போ நீ பக்கத்துலதான் நின்ன.”

“நின்னேன்.”

“பின்னாடி அமுங்கினதைப் பார்த்த.”

ராய்ஸ் பின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தான்.

“ஜின்ஜர் உதைச்சுக்கிட்டே வந்தா. அவளைப் பார்க்கத்தான் இங்க நிறுத்தினோம். நிறுத்துற எண்ணமே இல்ல. இந்நேரம் பாதி இறக்கத்துல இருந்திருப்போம்.”

காற்று டிரெய்லரின் தகரத்தைத் தட்டியது. உள்ளே ஒரு குதிரை காலை மாற்றி வைத்தது.

“நாங்க கிளம்பினப்புறம் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“உக்காந்தா?”

அவசரம் என்றால் அடுப்படியிலேயே நின்று ஒரு வாய் போட்டுக்கொண்டு ஓடுகிறவன் ராய்ஸ். கன்று ஈனும் இரவுகளில், பனிப்புயல் நாட்களில், அவளுடைய அப்பா இறந்த அன்று, எல்லாம் அப்படித்தான்; உட்கார்ந்து சாப்பிட்டால் அவசரம் இல்லை என்று பொருள். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

டிரெவர் கோட்டை மாட்டிக்கொண்டே இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

“உக்காந்துதான்” என்றான் ராய்ஸ்.

மார்லா கையை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை.