இரண்டு விரல் நெற்றி

சியோலில் நெற்றியைச் சின்னதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று வாரமாகிறது. இரண்டு விரல் அகலத்துக்குத் தோலை வெட்டியெடுத்து, முடியை இறக்கித் தைத்தார்கள். முடியோரம் இருந்த என் மச்சமும் அதோடு போயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு அப்பாவின் அகல நெற்றி என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

முன்னோருக்குப் படைக்கும் சூசோக் பண்டிகைக்கு, முன்முடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். படையலில் வைக்க, இறந்துபோன அப்பாவின் படத்தை அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்சொன், நீயாச்சும் துடைச்சுப் பாருடி. இந்தக் கறுப்புப் புள்ளி மூணு வாரமா போகவே மாட்டேங்குது.”

துடைத்தேன். புள்ளி கண்ணாடிக்கு உள்ளே, அப்பாவின் முடியோரத்தில் இருந்தது. என் மச்சம். அவர் நெற்றி இரண்டு விரல் அகலம் கூடியிருந்தது.

“சரி, கும்பிடு.”

மண்டியிட்டு, நெற்றியைக் கைமேல் பதித்தேன். தையல் வலித்தது.

“போதும், எந்திரிடி,” என்றாள் அம்மா.

எந்த முகத்தோடு எழுவது?