காகம் இன்னும் வரவில்லை

மாமனார், கணவன் தணிகைவேல், இரண்டு கொழுந்தன்கள், அவர்கள் மனைவிகள், நாத்தனார், பிள்ளைகள் என்று எல்லோரும் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். மாமியாரின் திதி. படைத்த சோற்றைக் காகம் எடுக்காமல் யாரும் வாயில் வைக்கக்கூடாது. விடியலிலிருந்து அடுப்படியில் நின்ற மூத்த மருமகள் வேதவல்லி சோற்றுடன் மொட்டைமாடிக்குப் போயிருந்தாள்.

"அண்ணி, காக்கா வந்துச்சா?" கீழிருந்து சின்னக் கொழுந்தன் கத்தினான்.

"இன்னும் வரல தம்பி."

"உங்க சமையல் அதுக்கும் தெரிஞ்சுபோச்சு போல!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உங்கம்மா உசுரோட இருந்தப்ப மட்டும் நான் வச்சத லேசுல சாப்பிட்டாங்களா?"

சிரிப்பு நின்றது.

காகம் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. வேதவல்லி முந்தானையை வீசி விரட்டினாள். அது தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்து திரும்பி வந்தது. மறுபடியும் விரட்டினாள். கீழே இறங்கினால் பரிமாறி, இலையெடுத்து, பாத்திரம் கழுவி முடியப் பொழுது சாய்ந்துவிடும். காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்காரவும் முடியவில்லை. எழுந்து கொடியில் காய்ந்த துணியை மடிக்கத் தொடங்கி, பாதியில் வீசியெறிந்தாள்.

"பிள்ளைங்க பசியில அழுவுது. அங்க என்னடி பண்ற?"

தணிகைவேல் படியேறும் சத்தம் கேட்டது. காகம் மறுபடி சோற்றை நெருங்கியது. வேதவல்லி அதை விரட்டிவிட்டு ஓடிப்போய், மாடிக் கதவைச் சாத்தித் தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.