சாகக் கிடந்த கன்று

"என் கண்ணு பட்டாவது ஒரு இலை உதிருதான்னு பாக்கறேன், உதிர மாட்டேங்குதே!"

சன்னல் கம்பியைப் பற்றியவாறு மூத்தவள் பொருமினாள். பக்கத்து வீட்டு வாசலில் அவளுடைய ஓரகத்தியின் மரம் மாடியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றதோ, இடுப்பளவைத் தாண்டவில்லை.

"செடியோட என்னடி போட்டி?" என்றான் கணவன், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"செடியோட இல்லீங்க, உங்க தம்பி பொண்டாட்டியோட! இன்னைக்குக் கம்பெனிக்காரர் வந்து பார்த்தா, வேலையை யாருக்குக் கொடுப்பாரு?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நிறுவனத்தின் நிதியுதவியால் அத்தெருவில் வீட்டுக்கொரு கன்று நடப்பட்டது. இனி ஊர் முழுவதும் நடவிருக்கும் கன்றுகளைப் பராமரிக்க, அத்தெருப் பெண்களுள் ஒருவரை மாதச் சம்பளத்தில் நியமிப்பதாக அந்நிறுவனம் அறிவித்திருந்தது. தையல் கூலியில் காலந்தள்ளும் மூத்தவள், அந்த வேலையில் மனத்தளவில் என்றோ சேர்ந்துவிட்டாள்.

"அவளுக்கு அன்னைக்கே தளதளன்னு ஒரு கன்னு வந்துச்சு. உனக்கு வந்தது நோஞ்சான். அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"போதும், அந்தப் பேச்சை விடுங்க!" என்று அவள் வெடுக்கெனத் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்கிய அதிகாரி நேரே இளையவளின் மரத்தடிக்குச் சென்று, அதன் தண்டைத் தட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! என்னம்மா போட்டு வளர்த்தீங்க?"

மூத்தவள் சன்னலை விட்டுத் தன் வாசலுக்கு விரைந்தாள். அவர் அடுத்து அவளுடைய வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, இது மட்டும் ஏன் இப்படி?"

அவள் வாய் திறக்குமுன், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி இளையவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா மேல தப்பில்லை சார். நீங்க கொடுக்கறப்பவே அது சாகக் கிடந்துச்சு. என்னோடது நல்ல கன்னு. அதுவே நட்ட மறுநாள் துவண்டு போச்சு. அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தி, துணி கட்டி நிழல் கொடுத்து, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்படின்னா அக்கா எவ்வளவு பாடுபட்டிருப்பாங்க!"

'வந்துட்டா, எனக்கு வக்காலத்து வாங்க!' என்று மூத்தவள் பல்லைக் கடித்தாள்.

அதிகாரி சற்றே யோசித்துவிட்டு மூத்தவளின் பக்கம் திரும்பினார்.

"ஆமா, எனக்கும் ஞாபகம் இருக்கு. அந்த ஒண்ணு பொழைக்காதுன்னுதான் நினைச்சோம். நல்ல கன்னை யார் வேணா வளர்ப்பாங்கம்மா. சாகக் கிடந்ததைப் பொழைக்க வெச்ச கைதான் எங்களுக்கு வேணும். வேலை உங்களுக்குத்தான்!"

"முதல் சம்பளத்துல எனக்கொரு புடவை, சொல்லிட்டேன் அக்கா!" என்று இளையவள் கைதட்டிச் சிரித்தாள்.

மூத்தவள் சிரிக்கவில்லை. வேலை கைக்கு வந்த பின்னும் அவளுடைய பார்வை பக்கத்து வாசலை விட்டு அகலவில்லை. எரிச்சல் முன்னிலும் அதிகமாக மூண்டது.

சாகக் கிடந்த கன்று அங்கேதான் மாடியளவு வளர்ந்து நின்றது. நட்ட மறுநாள் காலை, தெரு விழிக்குமுன் இரண்டையும் மண்ணோடு பெயர்த்து இடம் மாற்றி நட்டவள் மூத்தவள்தானே!